சந்தனம் வைத்த திரையில் ஓடிய கார்

தொண்ணூறுகளின் கடைசி. மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் எங்கள் ராஜபாளையம் மில் ஆபீஸின் நான்கு கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ் என்ற புது சிஸ்டம் ஏற்றிவிட்டுப் போன அன்று, மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "இனி பழைய டாஸ் சிஸ்டத்து கேம் ஒண்ணும் இதுல ஓடாது, பாத்துக்கிடுங்க" என்றார். சொன்னது எல்லாருக்கும்; பார்த்தது என்னை. சாப்பாட்டு நேரத்தில் கார் ரேஸ் ஆடியவர்கள் ஐந்து பேர். ஆண்கள் ஆடினால் களைப்பு தீர, நான் ஒருத்தி ஆடினால் அது திமிர்.

திமிர்தான், இருக்கட்டுமே. ஓடாது என்று ஒருவர் சொல்லிவிட்டால், ஓட்டிப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

இன்ஜினியர் விட்டுச்சென்ற சி.டி.யில் ஒரு புரோகிராம் இருந்தது. லினக்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு, 'நான்தான் டாஸ்' என்று கேமை நம்பவைக்கும். அதன் விளக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். பாதி புரியவில்லை. முதல் வாரம் திரை கறுப்பாகவே நின்றது. அடுத்த வாரம் கார் வந்தது, கீபோர்டு வேலை செய்யவில்லை. மூன்றாவது வாரம் ஓடியது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. நூற்பு மெஷினிலிருந்து தராசு வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மானிட்டருக்கும் ஒரு பொட்டு. பூஜை முடிந்து எல்லாரும் பொரி தின்றுகொண்டிருந்தபோது, என் கம்ப்யூட்டரைப் போட்டுக் காரை ஓடவிட்டேன்.

"ஏம்மா, இன்னைக்கு மெஷினத் தொடலாமா?" மேனேஜர் ஓடிவந்தார்.

"இன்னைக்கு வேல பாக்கக் கூடாதுன்னுதான சார் சொல்லுவாக? வெளையாடக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

யாரோ சிரித்துவிட்டார்கள். மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு ஏத்துனது இத?"

"இன்ஜினியர் ஏத்திட்டுப் போயிருப்பாரு சார்" என்றார் கேஷியர், என்னைக் காப்பாற்றத்தான். தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது நான், பெயர் அந்த ஆளுக்கா?

"நான்தான் சார் ஏத்துனேன்."

லீவு முடிந்து போனபோது என்னைப் பஞ்சு குடோனுக்கு மாற்றியிருந்தார்கள். பேல் என்னும் பஞ்சுப் பொதிகளுக்கு நம்பர் எழுதும் வேலை. ஸ்டாக் டைப் அடிக்கும் என் நாற்காலியில் வேறொருவர். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அழுதேன், அதை ஒளிப்பானேன்.

நாலாம் நாள் மேனேஜரே குடோனுக்கு வந்தார். முதலாளி வருகிறாராம், கம்ப்யூட்டரில் கேம் இருப்பது அவருக்குத் தெரியக் கூடாதாம். கேமை எடுக்க ஒருவருக்கும் தெரியவில்லையாம். எதையாவது தொடப்போய் ஸ்டாக் விவரம் மொத்தமும் அழிந்துவிடுமோ என்று பயமாம். "எப்பிடி எடுக்கன்னு எழுதிக் குடும்மா."

"எழுதிக் குடுத்தா வெளங்காது சார். நானே வாரேன்."

நாற்காலியில் இருந்தவர் எழுந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். ஒரே வரி தட்டினேன், கேம் போய்விட்டது.

"சரிம்மா, நீ போலாம்."

நான் அன்றைய ஸ்டாக் தாளை எடுத்து வைத்து, முதல் வரியிலிருந்து டைப் அடிக்க ஆரம்பித்தேன். மேனேஜர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு அவர் போய்விட்டார்.