சுமலதா ‘நோன்’ சொன்ன மதியம்

2005 மார்ச்சில் ஒரு புதன்கிழமை, எங்கள் தலைமைச் சமையல்காரர் கன்னியப்பன் அண்ணன் பிரான்சுக்குக் கிளம்பினார். மனைவி வழியில் விசா கிடைத்திருந்தது. புதுச்சேரி துய்மா வீதியில் நாங்கள் வேலை பார்த்த சின்ன பிரெஞ்சு உணவகத்தின் வாசலில் கார் நின்றது. “அடுப்பப் பாத்துக்கங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். யார் பார்த்துக்கொள்வது? கார் முனை திரும்புமுன் சுமலதா அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“எனக்கு வேணும்டி அந்த அடுப்பு.”

முதலியார்பேட்டைக்காரி. அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவர். சுமலதா ஆறு வருடமாக அங்கே காய் நறுக்கினாள், மீன் ஆய்ந்தாள். கன்னியப்பன் லீவு போட்ட நாளெல்லாம் மொத்தச் சமையலும் அவள்தான். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, அடுத்த பயணத்துக்குக் காசு சேர்க்க அங்கே பரிமாறிக்கொண்டிருந்தேன். போன இடமெல்லாம் தின்றிருக்கிறேன். அவள் வறுத்த கிழங்கான் மீன் மாதிரி எங்கேயும் கிடைக்கவில்லை!

பிரெஞ்சுக்காரரான முதலாளி மதாம் சில்வி ஒரு வழக்கம் வைத்திருந்தார். கடை திறக்குமுன் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பாத்திரம் கழுவும் மணியம்மாளும் சேர்த்து. சாப்பாட்டோடு வாக்குவாதமும் நடக்கும். சாமி உண்டா, வேலைநிறுத்தம் சரியா, எதையாவது கிளப்பிவிடுவார். எது கேட்டாலும் சுமலதாவின் பதில் ஒன்றுதான்: “வுயி மதாம்.” ஆமாம் மதாம்.

“அக்கா, பிரான்சுல நான் தங்கியிருந்த வீட்டுல மேசையத் தட்டிச் சண்ட போட்டுட்டு, அப்புறம் சேந்து காபி குடிப்பாங்க. எதிர்த்துப் பேசினாத்தான் மதிப்பாங்க” என்றேன்.

“அது அவங்களுக்குள்ள. சம்பளம் குடுக்கறவங்ககிட்ட நாம வாயத் தெறக்கலாமா? நீ பொட்டியத் தூக்கிட்டுப் போயிடுவ. நான் எங்க போறது?”

சென்னையிலிருந்து படித்த சமையல்காரர் ஒருவர் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அக்கா இன்னும் பணிவாகிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மதாம் தானே ஒரு குழம்பு வைத்துக் கொண்டுவந்தார். வஞ்சிரம், புளி, மேலே தாராளமாகக் கிரீம். “நாளைக்கு மெனுவில் போடறேன். புதுச்சேரி மீன் குழம்பு!”

எல்லோரும் தலையாட்டினோம். சுமலதா ஒரு வாய் வைத்தாள். முகம் சிவந்தது.

“நோன் மதாம்.”

இல்லை என்று சொல்லிவிட்டாள்! மேசைக்கடியில் மணியம்மாள் அவள் தொடையைக் கிள்ளியது எனக்கே தெரிந்தது.

“புளிப்பை அடக்கத்தான் கிரீம்” என்றார் மதாம்.

“அடங்கக் கூடாது மதாம்! அடங்கினா அது கொழம்பே இல்ல. நம்ம ஊர் பேரு வேற வெக்கிறீங்க. எங்க அம்மா பாத்தா மீன் கூடையத் தூக்கி அடிப்பாங்க!”

மதாம் மேசையைக் குத்தினார். இவளும் குத்தினாள். தண்ணீர் சொம்பு உருண்டது. வெளியே வாடிக்கையாளர்கள் வந்து நின்றுவிட்டார்கள். அன்று முழுக்க அக்கா பின்கட்டிலேயே மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, கணவர் குமாரவேலு வெள்ளை வேட்டியில் முன்னால் வர, ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு, கதம்பம் வைத்த தாம்பாளத்தோடு வந்து நின்றாள். பெரியவர்களிடம் வாய்விட்டால் இங்கே அப்படித்தான் சமாதானம்.

மதாம் தட்டைப் பார்த்துச் சிரித்தார். “யாருக்குக் கல்யாணம்?”

“நேத்து வாய் நீண்டுடுச்சு மதாம். மன்னிச்சுக்கங்க.”

மதாமின் சிரிப்பு நின்றது. “அப்போ நேத்து சொன்னது பொய்யா?”

“பொய் இல்ல…”

“பிறகு எதுக்கு மன்னிப்பு? ஆறு வருஷத்தில் நேத்துதான் நீ என்னோடு பேசினாய். தலையாட்ட எனக்கு ஆள் வேண்டாம். இப்போ சொல்லு. கிரீம் நல்லா இருக்கா, இல்லையா?”

“நல்லாருக்குன்னு சொல்லித் தொலடி” என்று குமாரவேலு பல்லைக் கடித்தார்.

அக்கா தட்டைக் கணவர் கையில் திணித்தாள். “நல்லா இல்ல மதாம்.”

“எனக்கு நல்லா இருக்கு. நான் ஒத்துக்க மாட்டேன்.” மதாம் ஒரு சாத்துக்குடியை எடுத்து உரிக்கத் தொடங்கினார். “சென்னைக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நேத்தே. போ, அடுப்பைப் பற்றவை.”

குமாரவேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இது என்னா ஊர் ஞாயம்?” என்று என்னிடம் கேட்டார். அதற்குள் அக்கா உள்ளே ஓடிவிட்டாள். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, கத்திவிட்டேன்! அன்று இரண்டு குழம்பும் மெனுவில் ஏறின, அடுத்தடுத்த வரியில்.

மழைக்காலத்துக்குமுன் நான் மறுபடி கிளம்பிவிட்டேன். 2009இல் ஒருநாள், ஏதோ ஒரு பஸ் நிலையத்தில் நிற்கும்போது அவளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது:

“மூலக்குளத்துலேந்து புதுசா ஒரு பொண்ணு வேலைக்கி வந்திருக்கு. பேரு சங்கவி. நான் வெச்ச எறா தொக்கு தீஞ்சிருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. அறையலாம்னு கை வந்துச்சு. அப்புறம் பக்கத்துல உக்கார வெச்சு ஒரு மணி நேரம் சண்ட போட்டேன். தீயவே இல்லடி.”