அண்ணாச்சிக்குச் சீயக்காய்

போன வாரம் என் மகள் சுதா, ஊரிலிருந்து வந்தவர் கொடுத்ததென்று ஒரு பொட்டலம் சீயக்காய்த் தூளைக் கொண்டுவந்து வைத்தாள். பிரித்து மோந்து பார்த்தேன். மற்றவர்களுக்கு அந்த வாசனைக்குத் தலைமுடி ஞாபகம் வரும்போல. எனக்குத் தொடையெலும்பு ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது நாங்கள் மராட்டிக்காரர் ஊரில், தாபோடியில், இரண்டாவது மாடியில் இருந்தோம். வீட்டுக்காரர் ராணுவ வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நான் மூன்றாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவள். இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், இந்தப் பக்கத்துக்கே இரண்டு நாளாயிற்று. அப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்தது டாக்டருக்குப் படிக்கப் போகிறது என்றால் சும்மா இருப்பேனா? இடம் கிடைத்த அன்றைக்கே கட்டிடம் முழுக்கப் பேடா கொடுத்தேன். காய்கறி வண்டிக்காரனுக்கும் கொடுத்தேன். அவன் என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டால்தான் கத்தரிக்காய் வாங்குவேன். கொஞ்சம் அதிகம்தான், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முதல் வருஷத் தேர்வில் அனாட்டமியில் ஃபெயிலாகிவிட்டாள். எழுத்தில் நல்ல மார்க்காம். வாய்மொழித் தேர்வில் எலும்பைக் கையில் கொடுத்ததும் பேச்சே வரவில்லையாம். ஏன் வரவில்லை என்று கேட்டால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஆறு மாசத்துல திரும்ப எழுதணும். அதுவும் போச்சுன்னா நான் படிக்கலம்மா. விட்டுடுறேன்."

மூன்று நாள் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. கீழ்வீட்டு மராட்டிக்காரி காகூ மாடிப்படியில் என்னை மறித்து, "பேடே குட்டே?" என்றாள். பாஸானதற்குப் பேடா எங்கே என்று கேட்கிறாள். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, இனிப்பே வாங்குவதில்லை என்று இந்தியில் ஒப்பேற்றினேன். அவருக்கு அன்றைக்குத்தான் அந்த நோய் வந்தது. பாவம், அந்தத் தீபாவளிக்குக் காகூ வீட்டு லட்டு அவருக்குக் கிடைக்கவில்லை.

சுதாவின் கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டி உண்டு. சீனியர் பெண்ணிடம் இரவல் வாங்கிய எலும்புகள். நிஜ மனுஷனுடையது. மண்டை, கை, கால், விலா எல்லாம். அந்தப் பக்கம் நான் பெருக்கக்கூட மாட்டேன். ஃபெயிலான பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. குளிக்காத ஒரு உடம்பு வருஷம் பூராவும் வீட்டுக்குள் கிடந்தால் பிள்ளைக்குப் படிப்பு எப்படி ஏறும்?

அவள் காலேஜுக்குப் போனதும் பெட்டியை இழுத்தேன். எலும்பெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கிறுக்கல். எந்தச் சின்னப் பிள்ளையோ விளையாடியிருக்கிறது என்று நினைத்தேன். சீயக்காயைக் கரைத்து, தேங்காய் நாரைப் போட்டு, ஒன்று விடாமல் தேய்த்தேன். "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தேன். பேர் தெரியாதவரை வேறு எப்படிக் கூப்பிட?

மொட்டைமாடியில் வேட்டியை விரித்துக் காயவைத்தேன். அப்பளம் உலர்த்த வந்த காகூ அலறினாள்.

"கோணாச்சீ ஹாட ஹீ?"

யாருடைய எலும்பு என்கிறாள். எனக்குத் தெரிந்த மராட்டியில், "மாஜா பாவூ" என்றேன். என் அண்ணன். அப்பளத்தட்டு அப்படியே விழுந்தது.

சாயங்காலம் சுதா பெட்டியைத் திறந்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் ஓடிவிடும்.

"ஆயீ! காய் கேலஸ் ஹே!" அம்மா, என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்கிறாள்.

"குளிப்பாட்டுனேன்ட்டி."

"கோடெல்லாம் எங்கம்மா?"

"அழுக்கு. போயிட்டு."

"அழுக்கில்லம்மா! சிவப்பு, சதை ஆரம்பிக்கிற இடம். நீலம், போய் ஒட்டுற இடம். அந்த அக்கா ஒரு வருஷமா உக்காந்து போட்டது. திருப்பிக் கொடுக்கும்போது என்ன சொல்லுவேன்?"

நான் சீயக்காய்க் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தேன். வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி, "உன்னையே தோல் உரியத் தேச்சு வளத்தவ, அவரையா விடுவா?" என்றார்.

வேறு வழியில்லாமல் ஸ்கெட்ச் பேனா வாங்கி, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அவளே கோடு போட ஆரம்பித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போடுவாள். உருளாமல் நான் பிடித்துக்கொள்வேன். ஒவ்வொரு கோட்டுக்கும் பேரைச் சத்தமாகச் சொல்லுவாள். பத்து நாளாயிற்று. முடித்தவள் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெட்டியை என்னிடம் தள்ளினாள்.

"அம்மா, மறுபடி கழுவு."

"ஏட்டி, புத்தி கெட்டுப்போச்சா?"

"கழுவும்மா. புத்தகத்தைப் பாக்காம போட்டுப் பாக்கணும்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணாச்சிக்குக் குளியல். வாரமெல்லாம் அவள் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை நான் அழிப்பேன். படிப்புக்கான எலும்பென்று சுதா விளக்கிச் சொன்ன பிறகு, மொட்டைமாடியில் காகூ காக்கை விரட்டினாள். ஒருநாள் மனசு கேட்காமல் அவளிடம் ஃபெயிலானதைச் சொல்லிவிட்டேன். அவளுக்கு முதலிலேயே தெரியுமாம். சர்க்கரைக்காரர் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கேசரி வாசனை வந்தால் யார் நம்புவார்கள் என்றாள்.

மறுதேர்வு அன்று காலேஜ் வாசலில் காத்திருந்தேன். சுதா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"தொடையெலும்பும்மா. கோடே இல்லாதது. போன தடவையும் அப்படித்தான் கொடுத்தாங்க. நான் கோட்டைத்தானே படிச்சிருந்தேன், வெறும் எலும்பைப் பாத்ததும் ஒண்ணுமே புரியல. இன்னைக்குப் பாத்தா, நம்ம அண்ணாச்சி குளிச்சிட்டு வந்த மாதிரியே இருந்துச்சு."

இவள் பேசப் பேச, தேர்வு நடத்தியவர்கள் போதும் போதும் என்றார்களாம்.

"பின்ன? அதுக்குத்தானே கழுவுனேன்" என்றேன். அன்றிலிருந்து அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். வீட்டுக்காரர் கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பாஸ் என்று ரிசல்ட் வந்த அன்று காகூ கண்ணெதிரே இரண்டு பேடா தின்று, தன் சர்க்கரையைத் தானே குணப்படுத்திக்கொண்டார்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்குமுன் சுதா கடைசியாக ஒருதடவை சிவப்பும் நீலமும் போட்டாள். அந்தச் சீனியர் பெண், முன்னைவிடத் திருத்தமாக இருக்கிறதே என்றாளாம். அதோடு அண்ணாச்சி போனார். யார் யார் கைக்கு மாறினாரோ.

தாபோடிக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். காகூ மகனோடு நாசிக் போய்விட்டாள். வீட்டுக்காரரும் இல்லை. இப்போதெல்லாம் பிளாஸ்டிக் எலும்புதான் என்கிறாள் சுதா. கோடும் அச்சிலேயே வருகிறதாம், எவ்வளவு தேய்த்தாலும் போகாதாம். அப்புறம் பிள்ளைகள் எப்படிப் பாஸாகும் என்று கேட்டேன். சிரித்தாள்.

சீயக்காய்ப் பொட்டலம் முன்னால் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கை இன்னும் துறுதுறுக்கிறது. என் தலையில் மிச்சமிருக்கும் முடிக்கு ஒரு கரண்டி போதும்.