பூங்காவுக்குப் போட்ட சாய்தளம்

கொல்லிமலையில் பிறந்தவனிடம் சரிவைக் கண்ணால் அளக்கச் சொல்லக் கூடாது. ஆடு உருளாமல் நின்று மேய்கிற இடமெல்லாம் எங்களுக்குச் சமதரைதான்.

எங்கள் பூங்காவை எல்லோரும் வந்துபோகிற மாதிரி மாற்றும் கான்ட்ராக்டை நான் எடுத்திருந்தேன். ரோட்டிலிருந்து வாசல் வரைக்கும் செங்குத்தான படிகள். படிக்குக் கீழே அன்னாசிப்பழக் கடை போட்டிருக்கும் என் சிநேகிதன், லாரி விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு வந்தவன், பூங்காவுக்குள் போனதே இல்லை. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றால், நான் என்ன மிளகு மூட்டையா என்று கேட்பான்.

படிக்குப் பக்கத்திலேயே சிமெண்டில் ஒரு சாய்தளம் போட்டேன். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான்.

"ஏன் மாப்ள, இது எனக்கா, ஆட்டுக்கா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவனைக் கடை ஸ்டூலுக்கு மாறச் சொல்லி, நாற்காலியை மேலே தள்ளிக்கொண்டு போனேன். பாதியிலேயே மூச்சு வாங்கியது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உச்சியில் நாற்காலியைக் கீழ்ப்பக்கம் திருப்பி அதில் உட்கார்ந்து, தேர்தல் ஜீப்பில் நிற்பவர் போல அவனைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஓட்டினேன் என்று சொல்ல முடியாது. நாற்காலி போனது, நானும் கூடப் போனேன். பிரேக் எங்கே என்று கேட்க வாயைத் திறந்தால் "ஆத்தா" என்றுதான் வந்தது. எட்டுக்கை அம்மன் ஒரு கையைக் கொடுத்திருந்தால் போதும். என்னுடைய இரண்டும் கும்பிட்டபடியே தலைக்கு மேல் ஏறிவிட்டன. வீட்டில் யார் போய்த் தகவல் சொல்வார்கள், அழாமல் சொல்வார்களா என்பது வரை யோசித்துவிட்டேன். பயத்துக்கு மட்டும் எப்படியோ நேரம் கிடைத்துவிடுகிறது.

அன்னாசிக் குவியல்தான் என்னை நிறுத்தியது. எந்த இடத்தில் குத்தியது என்பதை எழுதப்போவதில்லை.

சிநேகிதன் முதலில் நாற்காலியைத்தான் விசாரித்தான். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று திருப்திப்பட்டான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

"நீ போய் ஊசி போட்டுக்கிட்டு வா, சாமி. நான் கேட்டது ஒண்ணுதான். நானே ஏறோணும்."

அது அன்னாசியைவிட ஆழமாகக் குத்தியது.

ஊசி போட, அடிவாரத்துக்குச் சேந்தமங்கலம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்; உட்கார வழியில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் என்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசியது. பாதி மலை இறங்கும்போதுதான் உறைத்தது: இத்தனை பெரிய பஸ்ஸே நேராக இறங்கத் துணியவில்லையே.

திரும்பி வந்து சாய்தளத்தை உடைத்தேன். புதியது வளைந்து வளைந்து ஏறியது. திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு விட ஒரு சமதரை. இந்த முறை ஆட்டை நம்பாமல் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.

அவன் ஏறினான். யாரையும் பக்கத்தில் விடவில்லை. வளைவு வந்தால் வாயாலேயே ஹாரன் அடித்தான். நான் படியில் அவனுக்கு இணையாக ஏறிக்கொண்டிருந்தேன். கடைசி வளைவில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"கையை எறக்கு மாப்ள. பிரேக் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

அப்போதுதான் கவனித்தேன், இரண்டு கையும் தலைக்கு மேல் இருந்தன.