வாசிச்சவுக எல்லாம் எங்க போனீக?

கற்பகம் எனக்கு எழுதிய முதல் வரியே ஒரு திட்டுதான்.

நான் லாரி ஓட்டுகிறவன். ஓட்டம் இல்லாத நாளில் வலைப்பூவில் எதையாவது எழுதி வைப்பேன். ஒருமுறை வாளையாறு செக்போஸ்டுக்கு முன்னால் டயர் வெடித்ததை எழுதிவிட்டு, அலுப்பில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மறுநாள் கீழே ஒரு பின்னூட்டம் கிடந்தது. "டயர் வெடிச்ச பெறகு என்னாச்சு? வாசிக்கிறவ மடச்சின்னு நெனச்சீகளா? முடிச்சுட்டுப் போங்க. எழுத்து நல்லாத்தான் இருக்கு." நான்கு வருடமாக எழுதியதற்கு எனக்கு வந்த முதல் பின்னூட்டம் அது. அன்றைக்கே உட்கார்ந்து முடித்தேன்.

கற்பகத்துக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. வண்டிப்பெரியாரில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் தூள் தரம் பிரிக்கிற வேலை. எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருப்பு. கணவர் ஈஸ்வரன் அதே எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவர். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவர் கற்பகம். லயத்துக்குப் பின்னால் ஒரு பசு வைத்திருந்தார். அதற்கு மடி வீங்கியபோது போனில் தேடப் போய்த்தான் மயிலாத்தாள் எழுதுகிற வலைப்பூ கண்ணில் பட்டது.

மயிலாத்தாளுக்குப் பாலக்காட்டுப் பக்கம் மீனாட்சிபுரம். ஏழு மாடு, கொஞ்சம் தென்னை. மடி வீங்கிய மாட்டுக்கு வைத்தியம் சொல்லிவிட்டு, அது வலியில் உதைக்கும்போது அதன்மேல் கோபப்படாமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று எழுதியிருந்தார். கற்பகம் அதை இரண்டு முறை வாசித்தார். பக்கத்தின் ஓரத்தில் பார்வையாளர் எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. பின்னூட்டம் ஒன்றுகூட இல்லை.

"இருநூறு பேரு வந்து வாசிச்சிட்டுப் போயிருக்கான். நல்லாருக்குன்னு ஒத்த வார்த்த சொல்லக் கை வரலையா?" என்று ஈஸ்வரனிடம் கேட்டார்.

"ஊரான் எழுதுறதுக்கு நீ எதுக்குக் கொதிக்கிற?"

"ஊரானா? நம்ம மாட்டுக்கு வைத்தியம் சொன்னவ."

மயிலாத்தாளுக்கு முதல் பின்னூட்டத்தை எழுதி அனுப்ப முக்கால் மணி நேரம் ஆனது. பாஸ்வேர்டு கேட்டது, மறுபடி கேட்டது, எழுதியதெல்லாம் ஒருமுறை அழிந்தும் போனது. மூன்றாம் நாள் மயிலாத்தாள் பதில் எழுதினார்: "அக்கா, இதுக்கு முந்தி ஆரும் எழுதினதில்லைங்க. ரெண்டு வாட்டி படிச்சுப் பாத்தனுங்க."

அந்தப் பதில் கற்பகத்தைச் சந்தோஷப்படுத்தியிருக்க வேண்டும். அவருக்குக் கோபம்தான் வந்தது. ஆரும் எழுதினதில்லை என்ற சொல் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அதன்பிறகு ஃபாக்டரியில் சாப்பாட்டு நேரத்தில் பாதியை இதற்கென்று ஒதுக்கினார். மயிலாத்தாள், நான், தையல் வேலை பற்றி எழுதுகிற ஒருவர் என்று பத்துப் பேருக்குத் தவறாமல் எழுதினார். படிக்காமலே "அருமை" என்று போட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "எது அருமைன்னு சொல்லுங்க" என்று அவர்களுக்குக் கீழேயே கேட்பார். மழையில் கரண்டும் டவரும் போனால் மறுநாள் எழுதுவார்.

போன வருடம் ஆடியில் மயிலாத்தாளுக்குப் பெயரில்லாத ஒரு ஆள் பின்னூட்டம் போட ஆரம்பித்தான். "சாணி அள்ளுறவளுக்கு எதுக்கு எழுத்து" என்று தொடங்கியது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒன்று. மயிலாத்தாள் அதை அழிக்கவுமில்லை, பதில் சொல்லவுமில்லை. கற்பகம்தான் சண்டை போட்டார். "பேரைச் சொல்லத் தைரியமில்லாதவன் வாயைத் தொறக்கக் கூடாது" என்று எழுதினார். ஏழாவது வசவு வந்த மறுநாள் மயிலாத்தாள் இரண்டே வரி போட்டார்: "இனி எழுதுவதாக இல்லை. படித்தவர்களுக்கு நன்றி."

அதை முந்நூறு பேர் பார்த்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கற்பகம் சொல்லி அவரை வாசிக்கத் தொடங்கியிருந்த நானும் கேட்கவில்லை. கற்பகம் மூன்று முறை கேட்டார். பதில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஏழு வசவுகளையும் முதலிலிருந்து வாசித்தார். ஐந்தாவதில் நின்றார். "செவ்வாக்கெழம பாலு பொங்கி அடுப்பு அணைஞ்சது தெரியாம, போனை நோண்டிக்கிட்டு இருந்தவதான நீ" என்று இருந்தது. பால் பொங்கியதைப் பற்றி மயிலாத்தாள் எங்கேயும் எழுதவில்லை.

"இது வெளியாளு இல்ல. அந்த வீட்டுக்குள்ள இருக்கிறவன்" என்றார் ஈஸ்வரனிடம்.

"அப்ப அது அவுக குடும்ப விசயம். விடு."

"குடும்ப விசயம்னா அடுப்படியில சொல்லட்டும். எல்லாரும் வாசிக்கிற எடத்துல பேரில்லாம எதுக்கு எழுதுறான்?"

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினார். குமுளி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி மீனாட்சிபுரம் போய் இறங்கியபோது மணி மூன்றரை. பால் சொசைட்டியில் விசாரித்ததும் வழி சொன்னார்கள்.

மயிலாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. "நான் கற்பகம், வண்டிப்பெரியாரு" என்றதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"உன்ன வைஞ்சது யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் கற்பகம்.

"தெரியுமுங்க்கா. மொத நாளே தெரியும்." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "எங்க ஊட்டுக்காரருங்க. சொசைட்டியில ஆரோ, உங்க ஊட்டுல எழுதறாங்களாமான்னு கேட்டுச் சிரிச்சிருக்காங்க. அன்னைக்கிருந்து இப்படி."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"வேற என்ன பண்றதுங்க?"

அப்போது சென்னியப்பன் வந்தார். மயிலாத்தாளின் கணவர். வெள்ளை வேட்டி, கையில் பால் கேன். கூடவே பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமி. விருந்தாளி யாரென்று சென்னியப்பன் மரியாதையாகத்தான் கேட்டார்.

கற்பகம் போனை நீட்டினார். "நீங்க எழுதுனதுதான். இந்தாங்க, வாய்விட்டு வாசிங்க."

சென்னியப்பன் திரையைப் பார்த்தார். முகம் கறுத்தது. "இது எங்க ஊட்டு விசயமுங்க. நீங்க ஆரு?"

"நானா? அவ எழுதுறத வாசிக்கிறவ. ஏழு நாளு எழுதத் தெரிஞ்சுச்சுல்ல, ஒரு நாளு வாசிக்கத் தெரியாதா?"

அவர் போனை வாங்கவில்லை. மயிலாத்தாள் வாங்கினார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஏழு வசவுகளையும் ஒன்றுவிடாமல் சத்தமாக வாசித்தார். கடைசி இரண்டில் இருந்த கெட்ட வார்த்தைகளையும் விடவில்லை. ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். வாசித்து முடிப்பதற்குள் சென்னியப்பன் கேனைப் போட்டுவிட்டுத் தோப்புப் பக்கம் போய்விட்டார்.

இதோடு ஜெயித்துவிட்டதாகக் கற்பகம் நினைத்தார். மயிலாத்தாள் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க இப்ப பஸ் ஏறிப் போயிருவீங்க. நான் இங்கதானுங்களே இருக்கோணும். வர்றதுக்கு முந்தி என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கற்பகம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று பொள்ளாச்சியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் ஊர் திரும்பினார். வழியெல்லாம் தன்மேலேயே கோபம். "நியாயம் எம்பக்கந்தான். ஆனா பழிய அவ தலையில எறக்கி வச்சிட்டு வந்துட்டேன்" என்று என்னிடம் பிறகு சொன்னார்.

மூன்று வாரம் கழித்து மயிலாத்தாள் ஒரு பதிவு போட்டார். ஏழு வசவுகளையும் தேதி போட்டு அப்படியே எடுத்து எழுதியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே, அந்த நாளில் தான் என்னென்ன வேலை செய்தேன் என்பதை மட்டும் எழுதியிருந்தார். அந்த வசவுகளை எழுதியவர் தன் கணவர் என்று கடைசி வரியில் இருந்தது. யாரையும் திட்டவில்லை.

அறுபதுக்கும் மேலே பின்னூட்டம் வந்தது. வீரப்பெண்மணி என்றார்கள், கண்ணீர் வந்தது என்றார்கள். கற்பகம் அத்தனையையும் வாசித்துவிட்டுக் கொதித்துப் போனார். "அவ மாட்டப் பத்தி எழுதுனப்ப இந்த அறுபது பேரும் எங்க போனீக? அடுத்தவ வீட்டுச் சண்டைன்னாத்தான் கை வருமா?" என்று எழுதினார். சிலர் அவரோடு சண்டைக்கு வந்தார்கள். அவர் தன் பின்னூட்டத்தை அழிக்கவில்லை. மயிலாத்தாளும் அழிக்கவில்லை. அதற்குக் கீழே, "அக்கா கேக்கறது ஞாயமுங்க" என்று மட்டும் எழுதினார்.

சென்னியப்பன் இப்போது தோட்டத்துச் சாளைக் குடிசையில்தான் படுக்கிறார். சாப்பிட வீட்டுக்கு வருகிறார், பேசுவதில்லை. வசவுகள் நின்றுவிட்டன. மயிலாத்தாள் வாரத்துக்கு ஒன்று எழுதுகிறார். அறுபது பேரில் நாலைந்து பேர் மிஞ்சியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் கற்பகமும் போனில் பேசுகிறார்கள். போன வாரமும் கற்பகம் அதே கேள்வியைக் கேட்டாராம்.

"மன்னிப்புக் கேட்டாரா?"

"இல்லீங்க்கா. நான் எதிர்பாக்கவுமில்லீங்க."

"நீ எதிர்பாக்காம இருந்துக்க. எனக்கு ஆறல."