காட்டு வேலைக்கு ஒரு ஜெபக்குறிப்பு

வேலை கிடைத்த அன்று அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று சபையார் நினைத்துக்கொண்டார்கள். அது இல்லை.

என் பெயர் எஸ்தர். உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலம். நைனாவும் அம்மாவும் கூலி வேலை செய்கிறவர்கள். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு வனத்துறை நாற்றங்காலுக்குப் போய்ப் பைகளில் மண் நிரப்புவேன். அங்கே காக்கி உடுப்பில் ஒரு அக்கா வருவார். அவரைப் பார்த்ததிலிருந்து வனக்காப்பாளர் ஆகவேண்டும் என்று ஆசை. எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கம்பெனி வேனில் ஏறிப் போகிறவர்கள். அதனால் நைனாவிடம் மட்டும் ஒருமுறை சொன்னேன்.

"காட்டுல இன்னா கீது உனக்கு? பாம்பு கடிச்சா தூக்கினு வர ஆள் கீதா?"

அதோடு வாயை மூடிக்கொண்டேன். யாருக்கும் சொல்லாமல் பரீட்சை எழுதினேன். சபையில் ஜெபக்குறிப்பு கேட்டபோதுகூட, "நல்ல வேலை கிடைக்கணும்" என்று பொதுவாகத்தான் சொன்னேன். பாவம், எல்லாரும் உபவாசமிருந்து எனக்குக் கம்பெனி வேலை கேட்டார்கள். கிடைத்தும்விட்டது!

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எழுந்தேன்.

"நான் மனசுல கேட்டது இது இல்ல. காட்டு வேலை. பரீட்சை பாஸ் பண்ணிட்டேன். இனிமே நடைத்தேர்வு கீது. மணிக்கணக்கா நடக்கணும். பழக்கம் பண்ண எனக்குத் துணை இல்ல."

யாரோ சிரித்தார்கள். பாஸ்டர் பாட்டைத் தொடங்கிவிட்டார். ஆராதனை முடிந்து ஒருவரும் என்னிடம் பேசவில்லை. அவ்வளவு பேர் நடுவில் அப்படித் தனியாக நான் என்றுமே நின்றதில்லை.

அன்று சாயங்காலம் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, நாய்க்கும் பயம், ஊர் வாய்க்கும் பயம். கூட நடக்க ஒரு ஆளைத் தாரும். இல்லாவிட்டால் வேனில் ஏறிவிடுகிறேன்."

மறுநாள் விடியலில் ஏரிக்கரைக்குப் போனேன். யாருமில்லை. பாதிக் கரையில், திரும்பிவிடலாம் என்று நின்றபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ரெபேக்காள் அக்கா. நடவு வேலை செய்கிற விதவை. சபையில் கடைசிப் பாயில் உட்காருவார், அதிகம் பேசமாட்டார்.

"இன்னா எஸ்தரு, நின்னுக்கினு கீற? நட."

"உனக்கு வேலைக்கு நேரமாவாதாக்கா?"

"ஆவும். ஒனக்காகச் சோறு துன்னாம ஜெபம் பண்ணவதான நான்? அன்னிக்கே காடுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வந்திருப்பேனே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அக்காவின் நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. தேர்வு வரை தினமும் வந்தார். நடக்கத் தொடங்கிய வாரமே கம்பெனி வேன் வந்தது, ஹாரன் அடித்தது, நான் ஏறவில்லை. நைனா பல நாள் என்னோடு பேசவில்லை. கர்த்தர் கிருபையால் தேறினேன்.

இப்போது மலைக்காட்டில் இருக்கிறேன். மனித முகம் பார்க்காத நாட்கள் உண்டு. பேச ஆளிருக்காது. அப்போதெல்லாம் ஆண்டவரிடம் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். முன்பு எனக்கு அது தெரியாது.

பிரியமானவர்களே, உள்ளதை உள்ளபடி கேளுங்கள். சபையிலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். யாரும் பதில் பேசாவிட்டாலும் காலையில் எழுந்து கிளம்புங்கள். துணை வரும். எனக்கு வந்தது.