தேத்தண்ணியில் நனைத்த ரொட்டி

ஹட்டன் பஜாரில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று, எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வரும் ஆசிரியைகள் என்னைத்தான் கேட்கிறார்கள். பஜாரின் நடுவில், துணிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைக்கிறார்கள். தெரியும். ஒன்றரை வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கியவள் நான். கொத்துரொட்டிக் கடையில் தகரத்தில் ரொட்டி கொத்தும் சத்தம் கேட்டதும் மகள் அழத் தொடங்கிவிடுவாள். பேக்கரியின் கண்ணாடி அலுமாரிக்குள் எப்போதும் ஓர் ஈ இருக்கும். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் சோட்டீஸ் என்ற சிற்றுண்டித் தட்டை மேசையில் வைப்பார்கள். நாம் எடுக்காத ரோல்ஸையும் பட்டிஸையும் அப்படியே அடுத்த மேசைக்குக் கொண்டுபோவார்கள். எத்தனை மேசை சுற்றி எங்களிடம் வந்ததோ என்று நான் யோசித்து முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.

ஆகவே மாடிச் சைவக்கடையைச் சொல்கிறேன். தோசை நன்றாக இருக்கும். மேசையைத் துடைப்பார்கள். பெண்கள் பயமில்லாமல் உட்காரலாம். அந்தக் கடையில் நான் செய்ததைச் சொல்வதில்லை.

மகள் சாப்பிடமாட்டாள். இதை எந்தத் தாயும் சொல்வாள்தான். ஆனால் என்னிடம் கிளினிக் கார்ட் இருக்கிறது. அதில் அவளுடைய நிறைக்கோடு பச்சைப் பட்டையைவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கிளினிக்கில் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கும் மிஸ்ஸி பேனையால் அந்த இடத்தைத் தட்டிக் காட்டி, படித்தவர் நீங்களே இப்படி விட்டால் தோட்டத்துப் பெண்களுக்கு நான் என்ன சொல்வது என்று கேட்டார். பால் சேர்க்காத பிளேன்டீ ஒரு மிடறுகூடக் கொடுக்க வேண்டாம், அது உடம்பில் இரும்புச்சத்தைச் சேரவிடாது என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து எழுதிச் சுவரில் ஒட்டினேன். நானே ஒரு தோட்டத்துப் பெண் என்று அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அம்மா இறந்த பிறகு அவள் வேலைக்குப் பெயர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்குப் போனாள், நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வாழ்க்கையை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. சம்பளம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ரயிலேறி ஹட்டனுக்கு வருவாள். பஜாரில் அன்று நடக்க இடமிருக்காது. எல்லாத் தோட்டங்களும் ஒரே தெருவில் நிற்கும். அவள் சாமான் வாங்கி முடித்ததும் இருவரும் ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். மாதத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மேசைதான். என் வீட்டுக்காரர் கீழே துணிக்கடையில் வேலையாக நிற்பார். பாடசாலை, பிள்ளை, கார்ட், சுவரில் ஒட்டிய தாள் எல்லாவற்றையும் மறந்து நான் சிரிப்பது அவளோடு மட்டும்தான்.

அந்த ஞாயிறு அவளை மாடிச் சைவக்கடைக்குக் கூட்டிப் போனேன். எனக்குத் தோசை. அவள் பிளேன்டீ மட்டும் கேட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"நாங்க பறிக்கிறது எங்கேயோ கப்பல்ல போகுது. கூட்டி அள்றது இங்க வருது போல."

பரிமாற நின்றவரும் சிரித்துவிட்டார். நான் மகளுக்கு இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். பாட்டு, பொம்மை, ஃபோன், எதுவும் உதவவில்லை. "இது வாயா, ஸ்டோர் கதவா?" என்று கேட்டுவிட்டு அக்கா தன் பைக்குள் கையை விட்டாள். விடிய முன் லயத்து வரிசைவீட்டில் சுட்ட ரொட்டி, செய்தித்தாளில் சுற்றியது. ஒரு துண்டைப் பிய்த்துத் தன் தேத்தண்ணியில் நனைத்து மகளின் வாயில் வைத்தாள். மகள் வாயைத் திறந்தாள்.

கொழுந்து பறிக்கும் மலைக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் கொண்டுபோய், பல்லில்லாத பிள்ளையிலிருந்து கிழவர் வரை எல்லோருக்கும் இப்படித்தான் நனைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். எனக்கும் அக்கா அப்படித்தான் ஊட்டினாள். மகள் ஐந்து வாய் சாப்பிட்டாள். நான் எண்ணினேன். இரண்டாவது வாயிலேயே தடுத்திருக்க வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. சாப்பிடுகிறாளே, விடு என்று மற்றது சொன்னது. ஆறாவது துண்டு நனையும்போதுதான் பக்கத்து மேசையில் துணிக்கடை முதலாளியம்மா வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டேன்.

எங்கள் ஊர் எது என்று ஒருமுறை அவர் கேட்டபோது, வட்டகொடை டவுன் என்று சொல்லிவைத்திருந்தேன். ஸ்டேஷனைச் சுற்றிச் சில கடைகள் இருக்கின்றன, பொய் என்று சொல்ல முடியாது. லயம் என்ற சொல்லைத்தான் விட்டுவிட்டேன்.

"என்ன டீச்சர், சின்னப் புள்ளைக்குப் பிளேன்டீயா?" என்றார். பிறகு அக்காவின் கைகளைப் பார்த்தார். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். "புள்ளையப் பாத்துக்க ஆள் வச்சிருக்கீங்களா?"

இல்லை, என் அக்கா என்று சொல்ல ஒரு நொடிதான் தேவைப்பட்டிருக்கும். நான் தேத்தண்ணிக் கோப்பையை அக்காவிடமிருந்து தள்ளி வைத்தேன்.

"அவங்களுக்குத் தெரியாதுங்க. தோட்டத்துல இருந்து வந்தவங்க."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ரொட்டியை மெதுவாகச் செய்தித்தாளில் சுற்றினாள். முதலாளியம்மாவின் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"டீச்சரம்மா மொதல்லயே சொன்னாங்கம்மா. நாந்தான் மறந்துட்டேன்."

ஒரு வேலைக்காரியின் குரல் அவளுக்கு அவ்வளவு சரியாக வந்தது. என் மானத்தைக் காப்பாற்ற அவள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் அவளைப் போடவிட்டேன். மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த ரொட்டியை முந்தானையால் துடைக்கப் போனவள், நடுவில் நிறுத்தி, மேசையிலிருந்த கடதாசியை எடுத்தாள்.

படியிறங்கிய பின் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். லீக்ஸ் விலை ஏறிவிட்டது என்றாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

பிள்ளையின் இரத்தத்துக்காகத்தான் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே விளக்கினேன். மிஸ்ஸி சொன்னது சரி, இப்போதும் சரிதான். ஆனால் முதல் ஐந்து வாய்க்கும் அந்தச் சரி எங்கே போயிருந்தது? முதலாளியம்மா வந்து உட்காரும்வரை இரும்புச்சத்து எனக்கு நினைவில்லை.

அதன் பிறகும் அக்கா சம்பள ஞாயிறுகளில் வருகிறாள். எங்கள் மாடிக்கு ஏறுவதில்லை. கீழே துணிக்கடை வாசலில் என்னைப் பார்த்து, தோட்டத்தில் போட்ட நோக்கோல் காயைக் கொடுத்து, மகளின் காலை மட்டும் பிடித்து ஆட்டிவிட்டு நிற்பாள். சாப்பிடலாம் வா என்றால், "வட்டகொடையிலயே சாப்புட்டுத்தான் வண்டி ஏறினேன்" என்பாள். ஒவ்வொரு முறையும் அதே வசனம். நான் கையைப் பிடித்து இழுத்ததில்லை. இழுத்தால் வந்திருப்பாளோ? வேறு கடைக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்கு வேறு கடை என்ற பேச்சு வருமே என்று பயந்தேன்.

இதற்கிடையில் ஒரு நாள், கதவைச் சாத்திவிட்டு, சுவரில் ஒட்டிய தாளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நானே ரொட்டி சுட்டுத் தேத்தண்ணியில் நனைத்து ஊட்டிப் பார்த்தேன். மகள் துப்பிவிட்டாள். இன்னொரு துண்டு. அதையும் துப்பினாள். நிறைக்கோடு அப்படியே கிடக்கிறது.

போன மாதம் அக்கா குடையைக் கடைவாசலிலேயே மறந்துவிட்டுப் போனாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் ஓடினேன். சோட்டீஸ் தட்டு மேசை மேசையாகச் சுற்றும் அந்தக் கடையில், வாசலோர வாங்கில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முன்னால் பிளேன்டீ. மடியில் விரித்த செய்தித்தாளில் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும். ரொட்டியைப் பிய்த்து, நனைத்து, நிதானமாகச் சாப்பிட்டாள். பசியோடு வந்தவள் சாப்பிடுவது போலத்தான் சாப்பிட்டாள்.

உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவள் சொல்லிக்கொண்டிருந்த பொய்யை அவள் முகத்தின் முன்னாலேயே உடைத்துவிடுவேனோ என்று நின்றேன். எதிர்க்கடைக் கூரையின் கீழ், குடையை விரிக்காமல், அவள் கடைசித் துண்டைச் சாப்பிட்டு எழுந்து வரும்வரை நின்றேன்.

குடையைக் கொடுத்தேன். "சாப்புட்டியாக்கா?" என்றேன்.

"அதான் சொன்னேனே. வட்டகொடையிலயே சாப்புட்டேன்."

"ம்" என்றேன்.

மகள் என் இடுப்பிலிருந்து அவள் பக்கம் சாய்ந்து வாயைத் திறந்தாள். அக்கா ஒரு கணம் தன் விரல்களைப் பார்த்தாள். சம்பல் சிவப்பு இன்னும் இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேலையில் நன்றாகத் துடைத்தாள். பிறகு புறங்கையால் மட்டும் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குள் போனாள்.