தூணுக்குப் பின்னாடி உக்காந்த மிஸ் வெர்லீன்

இன்னைக்கு நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? அம்மா செத்ததுக்கு வீட்டுக்கு வர்ற நாலு அக்கா தங்கச்சிங்க கதை, அந்தப் பழைய படம், அதை நம்ம கறுப்பு நடிகைங்களை வெச்சு டிவிக்குத் திரும்ப எடுத்தாங்கல்ல? அதுல சர்ச் சீன்ல உக்காந்திருந்த மிஸ் வெர்லீனைப் பார்த்தேன்! வேகவேகமா அடிக்கிறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

தென்மேற்கு அட்லாண்டாவுல எங்க தெரு முனை சர்ச்சுல வெள்ளிக்கிழமை மீன் வறுப்பாங்க. வரிசையில நின்னேன். மாவு அப்பின கையோட மீனைத் திருப்பிட்டிருந்த ஒரு அம்மாவைப் பார்த்து, சர்ச் வேலைங்களைக் கவனிச்சுக்கற டீக்கன் க்ளோவிஸ் சத்தம் போட்டாரு: "ஹீரோயினம்மா, மீன் கருகுது. கேமராவைத் தேடுறீங்களா?"

"முதல்ல அந்தத் தொப்பையை உள்ள இழுங்க டீக்கன். உங்களைத் தாண்டி கேமராவுக்கு வேற என்ன தெரியப்போகுது?"

வரிசையே சிரிச்சுது. எந்தப் படம்னு கேட்டேன். அவ்ளோதான், மிஸ் வெர்லீன் மீனைப் பக்கத்துல நின்னவங்க கையில விட்டுட்டு உக்காந்து முழுசா சொன்னாங்க.

மிஸ் வெர்லீன் ஸ்கூல் பஸ் ஓட்டுறவங்க. அக்கா மிஸ் ஒடெஸா கூடவே இருக்காங்க. சின்ன வயசுல ரெண்டு பேருக்கும் அந்தப் பழைய படம்னா உயிரு. சமையல்கட்டுல நாற்காலி மேல ஏறி ஒடெஸா மூத்த அக்காவா பேசுவாங்களாம், மீதி மூணு தங்கச்சியும் வெர்லீன்தான். ஆனா அந்தப் படத்துல நம்ம ஆளுன்னு பார்த்தா, காபித் தட்டோட வந்துட்டுப் போற வேலைக்காரம்மா ஒருத்தங்கதான். அவங்களுக்குப் பேரு கூடக் கிடையாது.

இப்ப சர்க்கரை நோயில ஒடெஸாவுக்குக் கண்ணு போயிடுச்சு. வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். அந்த நேரம் பார்த்து இந்த ரீமேக், அதுவும் இவங்க சர்ச்சுலயே ஷூட்டிங், கூட்டமா உக்கார சபை ஆளுங்களையே கூப்பிட்டிருக்காங்க. ஒடெஸா தங்கச்சியைப் பிடிச்சுத் தள்ளினாங்களாம். "நீ போடி. அந்தக் கதைக்குள்ள நம்ம வீட்டு ஆளு ஒருத்தி இருக்கணும். டிவியில மூக்கை ஒட்டி வெச்சாவது உன்னைக் கண்டுபிடிச்சிடுறேன்."

மூஞ்சியே தெரியாதவ என்னை எப்படிக் கண்டுபிடிப்பான்னு வெர்லீனுக்கு உள்ளுக்குள்ள உதறல். அதனால முன்னாடி பெஞ்சா பார்த்து, பெரிய மஞ்சள் தொப்பியோட உக்காந்திருக்காங்க. மஞ்சளாவது கண்ணுல படுமே.

கதையில மூத்த அக்கா எந்திரிச்சு செத்துப்போன அம்மாவைப் பத்திப் பேசுற சீன். பழைய படத்துல அங்க ஊசி விழுந்தா கேட்கும், அவ்ளோ அமைதி. இங்கயும் டைரக்டரோட ஆளு, ஒரு பையன், வந்து சொல்லியிருக்கான்: "யாரும் சத்தம் காட்டக்கூடாது." எல்லாரும் தலையாட்டினாங்க.

முதல் தடவை எடுக்குறாங்க. நடிகை பேசிட்டே வந்து பாதியில நின்னுட்டாங்க. வசனம் மறந்துச்சா, நிஜமாவே அழுகை வந்துடுச்சா, யாருக்கும் தெரியல. உதடு துடிக்குது.

சொல்லுங்க, நம்ம சர்ச்சுல ஒரு பொண்ணு அப்படி உடைஞ்சு நிக்கிறப்போ யாராவது வாயை மூடிட்டு உக்காந்திருப்பாங்களா?

"அவசரம் இல்லம்மா. மெதுவா சொல்லு கண்ணு."

மிஸ் வெர்லீன் வாயிலேர்ந்து தானா வந்துடுச்சு! உடனே பின்னாடியிருந்து "நாங்க இருக்கோம்", இந்தப் பக்கம் "சொல்லும்மா சொல்லு", டீக்கன் க்ளோவிஸ் வேற "ஆமென்". அந்த நடிகை நிமிர்ந்து பார்த்து, அழுது, கடைசி வரைக்கும் பேசி முடிச்சாங்களாம்.

அப்புறம் அந்தப் பையன் ஓடி வந்தான். "அம்மா, சத்தம் கூடாதுன்னு சொன்னோமே!" மிஸ் வெர்லீனை எழுப்பித் தூணுக்குப் பின்னாடி உக்கார வெச்சுட்டான். அதுக்கப்புறம் எடுத்ததெல்லாம் சத்தமே இல்லாம.

வீட்டுக்குப் போனா வாசல்லயே கேள்வி. "எங்கடி உக்கார வெச்சாங்க?"

"தூணுக்குப் பின்னாடிக்கா."

"தூணா! எனக்குத்தான் கண்ணு தெரியலன்னா, கண்ணு தெரியறவனுக்கும் தெரியாம உக்காந்துட்டு வந்திருக்கியே! இந்த வயசுல வாயை அடக்கத் தெரியாதா?"

"நீயா இருந்தா அடக்கியிருப்பியாக்கும்?"

ஒடெஸா சுவரைத் தடவிட்டே கட்டிலுக்குப் போனாங்களாம். அப்புறம் மெல்ல, "நான் பாட்டே எடுத்துவிட்டிருப்பேன்"னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாங்க. அந்த வருத்தத்தைச் சொல்றப்போ மிஸ் வெர்லீன் என்னைப் பார்க்கவே இல்ல.

டிவியில போட்ட அன்னைக்கு ஒடெஸா நாற்காலியை இழுத்துப் போட்டு டிவிக்கு முட்டுற மாதிரி உக்காந்தாங்க. யாரு என்ன செய்யறாங்கன்னு தங்கச்சி பக்கத்துல சொல்லிட்டே வந்தாங்க. சர்ச் சீன் வந்துச்சு. தூணும் இல்ல, மிஸ் வெர்லீனும் இல்ல. "நான் இல்லக்கா"ன்னு சொல்லிட்டாங்க. நடிகை பேசி, பாதியில நின்னாங்க.

"அவசரம் இல்லம்மா. மெதுவா சொல்லு கண்ணு."

முதல்ல எடுத்ததையே வெச்சிருக்காங்க! முகம் எங்கயும் இல்ல, குரல் மட்டும், அந்த நடிகை முகத்து மேல.

ஒடெஸா தங்கச்சி மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுட்டாங்க. "அடியே, நீதானே அது? நீதான்! எனக்குத் தெரிஞ்சுடுச்சு!" படம் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரங்கள்லாம் எங்க எங்கன்னு திரையைத் தேடிட்டிருக்காங்க. அந்த ரூம்லயே ஒடெஸா மட்டும்தான் தேடல.

அதுக்கப்புறம் என்ன சொன்னாங்க தெரியுமா? "கொஞ்சம் முந்திட்டேடி. இன்னொரு மூச்சு விட்டுட்டுப் பேசியிருக்கலாம்."

நான் வரிசைக்குப் பக்கத்துலயே நின்னு அழுதுட்டேன். ஒருத்தர், "தம்பி, மீன் வாங்க வந்தியா, அழ வந்தியா?"ன்னாரு. வீட்டுக்கு வந்தும் அதேதான் மனசுல ஓடுது. கதை அதேதான், வசனமும் அதேதான். ஆனா பழைய படத்துல அந்தப் பொண்ணு தனியா நின்னா. இதுல நிக்கல.

வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சர்ச் ஹால்ல இந்தப் படத்தைத் திரும்பப் போடுறாங்க. தயவுசெய்து போங்க, போக முடியாதவங்க இதைப் பக்கத்துல இருக்கவங்களுக்கு அனுப்புங்க. ஒரே ஒரு வேண்டுகோள். போறவங்கள்ல யாராவது மிஸ் ஒடெஸா பக்கத்துல உக்காந்து திரையில நடக்குறதைச் சொல்லுங்க. தங்கச்சியை நம்ப முடியாதாம், முக்கியமான இடத்துல எல்லாம் அழுதுட்டு சொல்லாம விட்டுடுறாங்களாம்.